ஒரே பாட்டு, ஐந்து பேட்டி: மியூசிக் புரொடக்‌ஷன் வேலையை விசாரித்துத் தெரிந்துகொள்ளும் வழி

மியூசிக் புரொடக்‌ஷன் பக்கம் போகலாமா என்று யோசிக்கும் மாணவர்கள் முதலில் செய்வது, பிரபல இசையமைப்பாளர்களின் பேட்டிகளை யூடியூபில் வரிசையாகப் பார்ப்பது. அதில் ஒருவருடைய வாழ்க்கைக் கதை கிடைக்கும். ஆனால் வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, ஒரு பாட்டுக்கு எத்தனை கரெக்‌ஷன் வருகிறது, பேசிய பணம் எப்போது கைக்கு வருகிறது, முதல் மூன்று வருடம் எதில் கழிகிறது என்பதெல்லாம் கிடைக்காது. அதே வேலையை இந்த வாரமும் செய்துகொண்டிருப்பவரிடம் உட்கார்ந்து கேட்டால்தான் இவை தெரியும்.

அப்படிக் கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஐந்து 'மியூசிக் புரொடியூசர்'களைத் தனித்தனியே சந்திக்காதீர்கள். ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாட்டில் வேலை செய்த நான்கைந்து பேரைச் சந்தியுங்கள். தொடர்பில்லாத ஐந்து பேர் ஐந்து கதை சொல்வார்கள், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட முடியாது. ஒரே பாட்டில் வேலை செய்தவர்கள் ஒரே ஃபைலைப் பற்றிப் பேசுவார்கள். முதலாமவர் செய்தது இரண்டாமவர் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது தெரியவரும். இந்த வேலையின் உண்மையான நிலவரம் அந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது.

கீழே சொல்லியிருப்பது சென்னைத் திரையிசையையும் தனியிசையையும் மனதில் வைத்து எழுதியது.

பாட்டு எத்தனை கை மாறுகிறது

பிரசாத், ஏவிஎம் போன்ற பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் மொத்த வாத்தியக் குழுவும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, நொட்டேஷனை (எழுதிய ஸ்வரக் குறிப்பை) பார்த்து வாசித்து, ஒரு கால்ஷீட்டுக்குள் பாட்டை முடித்த காலம் ஒன்று இருந்தது. 1989-ல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் கம்ப்யூட்டரில் பாட்டைக் கட்டும் முறை பரவி, வேலை துண்டு துண்டாகப் பிரிந்தது. இன்று வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் அடுக்குமாடி வீட்டின் ஒரு அறையில்கூடப் படப் பாட்டு தயாராகிறது.

வேலை நடக்கும் வரிசை பெரும்பாலும் இப்படி இருக்கும். இயக்குநர் சூழலைச் சொல்வார். இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டுப் போடுவார். பாடலாசிரியர் அதற்கு எழுதுவார், டிராக் பாடகர் ஒருவர் தற்காலிகமாகப் பாடி வைப்பார். அதன்பிறகு புரோகிராமர் உட்காருவார். ரிதம், பேஸ், பேட் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி), ஸ்ட்ரிங்ஸ் எல்லாவற்றையும் மிடியிலும் (எந்த ஸ்வரம் எப்போது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் குறிப்பு) சாம்பிளிலும் (முன்பே பதிவான வாத்திய ஒலி) கட்டி, பாட்டுக்கு உடம்பு கொடுப்பது அவர்தான். நாதஸ்வரம், புல்லாங்குழல், வீணை போல கமகம் ஓடும் வாத்தியங்களை சாம்பிள் லைப்ரரி திருப்தியாகத் தராது. அவற்றுக்கு செஷன் கலைஞர்களை அழைத்து ரெக்கார்டிங் இன்ஜினியர் பதிவு செய்வார். பிறகு இறுதிக் குரல் பதிவாகும். வோக்கல் எடிட் செய்பவர் ஏழெட்டு டேக்கிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கி ஒட்டி, மெலடைன் போன்ற மென்பொருளில் சுருதியைச் சரிசெய்வார். பிறகு எல்லா ஒலிகளையும் அளவாகக் கலக்கும் மிக்ஸிங், அதற்குப் பிறகு வெளியீட்டுக்காக இறுதி மெருகேற்றும் மாஸ்டரிங். படத்துக்கான ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை) தனிப் பாதையில் போகும். அங்கே ரீல் ரீலாக வேலை நடந்து, ஸ்டெம்கள் (பிரிவு பிரிவாகத் தொகுத்த ஆடியோ ஃபைல்கள்) தியேட்டர் மிக்ஸுக்குப் போய்ச் சேரும்.

சின்னத் தனியிசைப் பாட்டில் இந்த வேலைகள் அனைத்தையும் ஒருவரே செய்திருக்கலாம், பெரிய படத்தில் புரோகிராமிங்குக்கே மூன்று பேர் இருக்கலாம். கிரெடிட்டில் 'மியூசிக் புரொடக்‌ஷன்' என்று வரும் வேலையும் பாட்டுக்குப் பாட்டு மாறும். அதனால் சந்திப்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்தப் பாட்டு உங்கள் கைக்கு எந்த நிலையில் வந்தது, எந்த நிலையில் உங்களை விட்டுப் போனது?"

எந்தப் பாட்டு, யார் யார்

இந்த வருடத்தின் பெரிய ஹிட்டை எடுக்காதீர்கள். அதில் வேலை செய்தவர்களின் வாட்ஸ்அப் ஏற்கெனவே நிரம்பி வழியும். வெளியாகி ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் ஆன, ஓரளவு கேட்கப்பட்ட பாட்டு பொருத்தம். அதைவிடப் பழையது என்றால் ஃபைலும் நினைவும் மங்கியிருக்கும். புத்தம் புதியது என்றால் வெளியில் சொல்லக்கூடாத விஷயங்கள் அதிகம் இருக்கும். ஒரு லைவ் வாத்தியமாவது இருக்கும் பாட்டாகப் பாருங்கள். அப்போதுதான் ரெக்கார்டிங் இன்ஜினியரையும் வாத்தியக் கலைஞரையும் சேர்த்துக்கொள்ள முடியும்.

பெயர்களைத் தேட யூடியூபில் பாட்டின் கீழே இருக்கும் விவரப்பகுதியைக் கடைசிவரை விரித்துப் பாருங்கள். இசை, வரிகள், குரல் என்பதோடு நிற்காமல், புரோகிராமர், கிட்டார், புல்லாங்குழல், எங்கே பதிவானது, யார் பதிவு செய்தார், மிக்ஸிங், மாஸ்டரிங், மியூசிக் கோ-ஆர்டினேட்டர் வரை பல நிறுவனங்கள் போடுகின்றன. லிரிக் வீடியோவில் இல்லையென்றால் ஃபுல் வீடியோவிலோ ஆடியோ ஜூக்பாக்ஸிலோ இருக்கலாம், மூன்றையும் பாருங்கள். மூன்றிலும் இல்லாவிட்டால் அந்தப் பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டுக்குப் போங்கள்.

இசையமைப்பாளரிடம் தொடங்கவே வேண்டாம். மிகவும் பரபரப்பானவர் அவர்தான், உங்களுக்கு வேண்டிய அன்றாட விவரங்களிலிருந்து மிகவும் தள்ளி இருப்பவரும் அவர்தான். ரெக்கார்டிங் இன்ஜினியரிடமோ மிக்ஸிங் உதவியாளரிடமோ தொடங்குங்கள். அவர்களுக்குப் பாட்டில் வேலை செய்த எல்லோரையும் தெரியும், ஒருவர் சொல்லி இன்னொருவரைப் பார்ப்பது சுலபம். மியூசிக் கோ-ஆர்டினேட்டரைத் தவறவிடாதீர்கள். யாருக்குக் கால்ஷீட் போட்டார்கள், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருக்கு என்ன பாக்கி என்பதைத் தினமும் பார்ப்பவர் அவர். மாணவர்கள் யாரும் அவரைத் தேடிப் போவதில்லை என்பதால் நிதானமாகவே பேசுவார்.

இந்தத் தொழிலில் சில வருடம் இருந்துவிட்டு வெளியே போன ஒருவரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலைத்து நின்றவர்களிடம் மட்டும் கேட்டால் "பொறுமையாக இருந்தால் போதும்" என்ற பதில்தான் மிஞ்சும். ஏன் விட்டார் என்று தெரிந்தால்தான் பொறுமைக்கு என்ன விலை என்று தெரியும். இன்னொரு எச்சரிக்கை: சொந்தமாகக் கோர்ஸ் நடத்துபவரிடம் "கோர்ஸ் சேரணுமா" என்று கேட்டுப் பயனில்லை. அவரிடம் தொழில்நுட்பத்தைக் கேளுங்கள், படிப்பைப் பற்றிய கேள்வியை மற்றவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் செய்தி

இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம். வாய்ஸ் நோட் கூடாது, பகலில் மிக்ஸிங்கில் இருப்பவருக்கு அதைத் திறந்து கேட்க நேரமிருக்காது. உங்கள் டெமோ லிங்க்கை இணைக்கவே கூடாது. லிங்க் வந்தவுடன் இது வாய்ப்புக் கேட்கும் செய்தி என்று முடிவு செய்து ஒதுக்கிவிடுவார்கள். இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மிக்ஸிங் வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு பாட்டை எடுத்து, அதில் வேலை செய்தவர்களைச் சந்தித்து வருகிறேன். நீங்கள் மிக்ஸ் செய்த (பாட்டின் பெயர்) பற்றி 25 நிமிடம் பேச முடியுமா? இரண்டாவது சரணத்தில் ரிதம் நின்று குரல் மட்டும் வரும் இடத்தைப் பற்றி முக்கியமாகக் கேட்க வேண்டும். வாய்ப்புக் கேட்க இல்லை சார். நீங்கள் சொல்லும் நாளில் நேரிலோ போனிலோ பேசலாம்."

இதில் வேலை செய்வது அந்த 'இரண்டாவது சரணம்' வரிதான். பாட்டை உண்மையாகக் கேட்டிருக்கிறீர்கள் என்பது அதில் தெரிகிறது. பெண் கலைஞருக்கு எழுதும்போது 'மேடம்' என்றே தொடங்குங்கள். 'அக்கா', 'அண்ணா' எல்லாம் அவர்களாகச் சொன்ன பிறகு.

காலை பதினொன்றுக்கு முன் அனுப்பாதீர்கள், பலர் இரவெல்லாம் வேலை செய்துவிட்டுத் தூங்கும் நேரம் அது. பதில் இல்லையென்றால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிடுங்கள். பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி ரிலீஸ்களுக்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில் மிக்ஸிங், ஆர்.ஆர். ஆட்களைப் பிடிக்கவே முடியாது. கர்நாடக இசையும் வாசிக்கும் செஷன் கலைஞர்களுக்கு மார்கழி சீசன் ஆகாது. பண்டிகை ரிலீஸ் முடிந்த அடுத்த வாரம்தான் நல்ல நேரம், களைப்பு தீர்ந்து பேசும் மனநிலையில் இருப்பார்கள்.

போவதற்கு முன் செய்ய வேண்டிய காது வேலை

இதற்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். சுமாரான வயர் ஹெட்ஃபோனே போதும், ப்ளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். பாட்டை முதல்முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம் என்று ஒவ்வொன்றும் தொடங்கும் நிமிடத்தையும் நொடியையும் தாளில் எழுதுங்கள். மூன்றாம் முறை ஒவ்வொரு பகுதியிலும் புதிதாக வந்து சேரும் ஒலியை மட்டும் குறியுங்கள். நான்காம் முறை இடது காதில் மட்டும், ஐந்தாம் முறை வலது காதில் மட்டும். ஒரு பக்கம் மட்டுமே இருக்கும் கிட்டாரோ கோரஸோ அப்போதுதான் பிடிபடும். கடைசியாகப் போன் ஸ்பீக்கரில் கேட்டு எது காணாமல் போகிறது என்று பாருங்கள். பேஸ் முற்றிலும் மறைகிறதா, இல்லை அதன் உயர் அதிர்வெண் ஒலிகளாவது தெரிகிறதா என்பது மிக்ஸிங் இன்ஜினியரிடம் கேட்க அருமையான கேள்வி.

இந்தத் தாள் கையில் இருந்தால் "மிக்ஸிங் என்றால் என்ன சார்" என்று கேட்க மாட்டீர்கள். "2:10-ல் வரும் நாதஸ்வரம் லைவா? அறையின் எதிரொலி பதிவிலேயே இருந்ததா, பிறகு ரிவெர்பில் சேர்த்ததா?" என்று கேட்பீர்கள். முதல் கேள்விக்கு வலைத்தளத்தில் பதில் இருக்கிறது, இரண்டாவதற்கு அவரிடம் மட்டும்தான்.

என்ன கேட்பது

பொதுவான கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். "ஒரு நாள் எப்படிப் போகும்" என்றால் நல்ல நாளைச் சொல்வார்கள். "போன வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வந்தீர்கள், என்ன செய்தீர்கள், எப்போது வீட்டுக்குப் போனீர்கள்" என்றால் உண்மையான நாளைச் சொல்வார்கள். ஒரு குறிப்பிட்ட நாள், ஒரு குறிப்பிட்ட ஃபைல், ஒரு குறிப்பிட்ட கரெக்‌ஷன் என்று எப்போதும் கேள்வியைக் குறுக்குங்கள்.

25 நிமிடத்தில் ஏழெட்டுக் கேள்விக்குத்தான் இடமிருக்கும். எல்லோரிடமும் மாறாமல் கேட்க வேண்டியவை நான்கு:

1. பாட்டு எந்த நிலையில் வந்தது, எந்த நிலையில் போனது, எத்தனை நாள் உங்களிடம் இருந்தது?
2. எத்தனை கரெக்‌ஷன் வந்தது, யாரிடமிருந்து வந்தது, எதைத் திரும்பச் செய்தீர்கள்?
3. உங்களுக்கு முந்தைய ஆளிடமிருந்து ஃபைல் வரும்போது வழக்கமாக எது சரியாக இருப்பதில்லை?
4. இந்த வேலைக்குப் புதிதாக ஒருவர் வந்தால் முதல் ஆறு மாதம் அவர் கையில் எதைக் கொடுப்பீர்கள்?

மூன்றாவது கேள்விக்காகவே இந்தப் பேட்டிகளை எடுக்கலாம். மிக்ஸிங் இன்ஜினியர் சொல்லக்கூடியவை இவை: ட்ராக்குகளுக்குப் பெயர் இல்லை, 'ஆடியோ 47' என்று வருகிறது. எல்லா ஃபைலும் பாட்டின் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து எக்ஸ்போர்ட் ஆகவில்லை, எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேக அளவு) எழுதவில்லை. மிடியை ஆடியோவாக மாற்றாமல் அனுப்பிவிட்டார்கள், அந்த சாம்பிள் லைப்ரரி இங்கே இல்லை. கிளிப்பிங் ஆன (அளவு மீறிப் பதிவாகிச் சிதைந்த) குரல் வந்திருக்கிறது. சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற கணக்கு) வேறான 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலும் 48 கிலோஹெர்ட்ஸ் ஃபைலும் கலந்திருக்கின்றன. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். 44.1-ல் பதிவானதை 48 என்று நினைத்து ஓடவிட்டால் வேகம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடி, சுருதி ஒன்றரை செமிடோன் (அரை ஸ்வர இடைவெளி) ஏறிவிடும். படத்துக்கு 48-ல் வேலை செய்வது வழக்கம் என்பதால் தனியிசையிலிருந்து வருபவர்கள் இதில் அடிக்கடி சிக்குவார்கள்.

அதே கேள்விக்கு மாஸ்டரிங் செய்பவர், "மிக்ஸையே லிமிட்டர் (சத்தத்தின் உச்சங்களை அமுக்கும் கருவி) போட்டு நசுக்கி அனுப்பினால் நான் செய்ய ஒன்றுமில்லை" என்பார். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் சத்தத்தைத் தாங்களே ஓர் அளவுக்குக் கொண்டுவருகின்றன, அங்கே வழக்கமான அளவு மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவீடு). அப்படியிருந்தும் இன்னும் சத்தமாக வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேளுங்கள். ஆர்.ஆர். பார்ப்பவர், இசை போட்டு முடித்த ரீலை எடிட்டிங்கில் மறுபடி வெட்டிவிட்டதால் எல்லாம் நகர்ந்துபோனதைச் சொல்வார். செஷன் கலைஞர், நொட்டேஷன் இல்லை, சுருதி எதுவென்று முன்கூட்டிச் சொல்லவில்லை, வேறு சுருதிக் குழலை எடுத்து வந்துவிட்டேன் என்பார். இப்படி ஒவ்வொருவரும் முந்தையவர் மேல் சொல்லும் குறைகளை வரிசையாக எழுதினால், புதியவர் முதலில் எதில் கைதேர்ந்திருக்க வேண்டும் என்ற பாடத்திட்டம் தானாகவே கிடைக்கும். இதைவிடத் துல்லியமான பாடத்திட்டத்தை எந்தக் கல்லூரிக் கையேட்டிலும் பார்க்க முடியாது.

படிப்பைப் பற்றிக் கேட்கும்போது "எங்கே படிக்கலாம்" என்று விட்டுவிடாமல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் படிப்பு இருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்புப் பிரிவு இருக்கிறது. 2008-ல் தொடங்கிய கேஎம் மியூசிக் கன்சர்வேட்டரி சென்னையிலேயே இருக்கிறது. "இந்த மூன்றிலிருந்து வந்தவர்கள் யாரோடாவது வேலை செய்திருக்கிறீர்களா? அவர்களுக்கு எது தெரிந்திருந்தது, எதை இங்கே வந்து கற்றார்கள்?" என்றால் பயனுள்ள பதில் வரும்.

பணத்தைப் பற்றிக் கேட்கும் முறை

"நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்" என்று கேட்கக் கூடாது. மரியாதைக் குறைவு என்பது ஒருபுறம், கேட்டாலும் சரியான பதில் வராது. அமைப்பைக் கேளுங்கள். இந்த வேலைக்குப் பாட்டுக் கணக்கா, நாள் கணக்கா, மாதச் சம்பளமா? முன்பணம் உண்டா? மீதி எப்போது வரும்: ஃபைல் கொடுத்த அன்றா, படம் வெளியான பிறகா? எத்தனை கரெக்‌ஷன் வரை அதே தொகை? ஸ்டூடியோ வாடகை யார் தலையில்? பிறகு, "புதிதாக வரும் உதவியாளருக்கு மாதம் ஏறக்குறைய எவ்வளவு கிடைக்கும்" என்று மற்றவரைப் பற்றிய கேள்வியாகக் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். மூன்று பேரிடமாவது கேட்டு, குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வையுங்கள். சராசரி போடாதீர்கள், அந்த இடைவெளிதான் செய்தி.

நிறுவனங்களிடமிருந்து வரும் தொகையில் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அதைத் திரும்பப் பெற வாய்ப்பிருக்கிறது. இதைச் செய்யாமல் வருடக்கணக்கில் பணத்தை விட்டவர்கள் உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

பாட்டில் வேலை செய்த எல்லோருக்கும் ராயல்டி வரும் என்று மாணவர்களிடம் தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை உறுதி செய்தது. அவர்களுக்காக அதை வசூலிக்கும் அமைப்பு ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி). பாடகருக்கும் வாத்தியக் கலைஞருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று ஒன்று இருக்கிறது. புரோகிராமிங், மிக்ஸிங், மாஸ்டரிங் செய்பவர்களுக்கு இப்படித் தானாக வரும் பங்கு கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. ஆகவே புரோகிராமரிடம் கேளுங்கள்: "மெட்டில் இல்லாத ஒரு ஹூக்கை (மனதில் ஒட்டிக்கொள்ளும் சின்ன இசைத் துணுக்கை) நீங்கள் உருவாக்கி, பாட்டே அதனால் ஓடினால், உங்கள் பெயர் எங்கே வரும்?" அதற்கு அவர் சொல்லும் பதிலும், சொல்வதற்கு முன் எடுத்துக்கொள்ளும் நேரமும் உங்களுக்கு நிறையச் சொல்லும்.

சந்திக்கும் நாளில்

பேட்டியைப் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள், அந்த 'சரி'யும் பதிவில் இருக்கட்டும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த கைக்குட்டை மேல், பேசுபவருக்கு ஒன்றரை அடிக்குள் வையுங்கள். வெறும் மேஜை மேல் வைத்தால் தட்டும் சத்தம் எல்லாம் ஏறும். பத்து நொடி பதிவு செய்து கேட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்டூடியோவில் நெட்வொர்க் இயங்கும் போன் ஸ்பீக்கர் பக்கம் இருந்தால் சில சமயம் அதில் இரைச்சல் வரும், அதற்கும் இந்த ஏரோபிளேன் மோடு நல்லது.

இன்னும் முக்கியமானது: அவர் விளக்குவதற்காக எதையாவது ஓடவிட்டால் உடனே உங்கள் பதிவை நிறுத்துங்கள். அது வெளியாகாத பாட்டாக இருக்கலாம். அதேபோல் மானிட்டர் திரை தெரியும்படி செல்ஃபி எடுக்காதீர்கள், ப்ராஜெக்ட் ஃபைலின் பெயரிலேயே படத்தின் பெயர் இருக்கும். ஒரு இன்ஸ்டாகிராம் ஸ்டோரியால் அந்த உதவியாளரின் வேலையே போகக்கூடும். "ஸ்கிரீன் தெரியாமல் ஒரு போட்டோ எடுக்கலாமா" என்று கேட்டாலே உங்கள் மேல் மரியாதை கூடும்.

25 நிமிடம் முடிந்ததும் நீங்களே சொல்லுங்கள்: "சார், சொன்ன நேரம் ஆச்சு." பெரும்பாலானவர்கள் "பரவாயில்லை, கேளுங்க" என்பார்கள், நல்ல விஷயங்கள் அதற்குப் பிறகுதான் வரும். கிளம்பும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்தப் பாட்டில் வேலை செய்தவர்களில் அடுத்து யாரைப் பார்க்கலாம்? உங்கள் பெயரைச் சொல்லலாமா?"

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். முதல் சந்திப்பு பகலில், ஆட்கள் இருக்கும் ஸ்டூடியோவிலோ டீக்கடையிலோ இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழே இருந்தால் வீட்டில் ஒருவரோடு போங்கள், மாணவிகள் எந்த வயதிலும் ஒரு தோழியோடு போவது நல்லது. "ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஃப்ரீ, தனியா வாங்க" என்றால் போனில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். வாய்ப்புத் தருகிறேன், இவ்வளவு கட்டு என்று யார் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடியுங்கள். "நாளையிலிருந்து அசிஸ்டென்ட்டா வாங்க" என்ற அழைப்பு வந்தால் மகிழ்ச்சியோடு ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். எத்தனை மாதம், வாரத்தில் எத்தனை நாள், பயணச் செலவு உண்டா, பெயர் போடுவார்களா, கல்லூரித் தேர்வு நாட்களில் என்ன செய்வது என்பதற்கெல்லாம் பதில் வாங்கிவிட்டுச் சரி சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவே எழுதுங்கள். மறுநாள் எழுதினால் அவர் சொன்னதும் நீங்கள் நினைத்ததும் கலந்துவிடும். முழுப் பேட்டியையும் எழுத்தாக்க வேண்டியதில்லை, அரை மணி நேரப் பேச்சை வரிக்கு வரி தட்டச்சு செய்ய இரண்டு மணி நேரம் ஓடிவிடும். பதிவை ஒருமுறை ஓடவிட்டு முக்கியமான இடங்களின் நிமிடத்தை மட்டும் குறித்து, அந்த வாக்கியங்களை அவர் சொன்னபடியே எழுதுங்கள். மறுநாள் இரண்டு வரியில் நன்றி அனுப்புங்கள், அதில் அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் குறிப்பிடுங்கள்.

நான்கு பேட்டி முடிந்ததும் ஒரே தாளில் கட்டம் போடுங்கள். மேலே ஆட்கள், பக்கவாட்டில் அந்த நான்கு கேள்விகள். பதில்கள் முரண்படும் இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள். புரோகிராமர் "இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தேன்" என்கிறார், மிக்ஸிங் இன்ஜினியர் "மூன்று வாரம் ஃபைல் மாறி மாறி வந்தது" என்கிறார் என்றால் யாரும் பொய் சொல்லவில்லை. நடுவில் யாரோ முடிவெடுக்காமல் இருந்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்கு யாருக்காவது பணம் கிடைத்ததா? இதை ஐந்தாவது ஆளிடம், முடிந்தால் கோ-ஆர்டினேட்டரிடம் கேளுங்கள்.

சனி, ஞாயிறில் அந்த வேலையைச் செய்து பாருங்கள்

பேட்டியில் பிடித்துப்போன வேலை கையிலும் பிடிக்கிறதா என்று பார்க்கப் பெரிய செலவு தேவையில்லை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் முழு வசதியோடு இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். பேட்டிகளை முடிக்கும் வரை ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி), ஸ்டூடியோ மானிட்டர் (ஸ்டூடியோ ஸ்பீக்கர்) எதையும் வாங்காதீர்கள். எந்த வேலை என்று முடிவாவதற்கு முன் வாங்கும் கருவியில் பாதி பரணுக்குத்தான் போகும்.

மிக்ஸிங் என்றால், கேம்பிரிட்ஜ் மியூசிக் டெக்னாலஜி தளத்தில் பயிற்சிக்கென்று இலவசமாகத் தரும் மல்டிட்ராக் (ஒவ்வொரு ஒலியும் தனி ஃபைலாக உள்ள பாட்டு) ஒன்றை இறக்கி, ப்ளக்-இன் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) எதுவும் போடாமல் ஃபேடரையும் (சத்த அளவு) பேனையும் (இடது-வலது நிலை) மட்டும் வைத்து இரண்டு மணி நேரம் சமன் செய்யுங்கள். மறுநாள் காலை கேட்டுவிட்டுத் திருத்துங்கள். புரோகிராமிங் என்றால், நீங்கள் எடுத்த பாட்டின் எட்டு பார் (தாளச் சுற்று) ரிதத்தையும் பேஸையும் காதால் கேட்டு அப்படியே மறுபடி கட்டிப் பாருங்கள். ஆர்.ஆர். என்றால், நண்பரின் குறும்படத்தில் ஒரு நிமிடக் காட்சியை வாங்கி, இசை எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு அப்புறம் கருவியைத் தொடுங்கள்.

வோக்கல் எடிட்டிங்கை மட்டும் எல்லோரும் செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் கைக்குப் பெரும்பாலும் முதலில் வருவது அதுதான். பாடத் தெரிந்த நண்பரை ஒரு பல்லவியை ஆறு முறை பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். மெட்ரோனோமை ஹெட்ஃபோனில் மட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லா டேக்கிலும் அந்த டிக்டிக் ஏறிவிடும். ஆறிலிருந்து ஒரு பல்லவியை ஒட்டி எடுங்கள். வெட்டும் இடம் மூச்சுக்கு முன்னாலா பின்னாலா, 'ழ'வும் 'ள'வும் எந்த டேக்கில் சுத்தமாக இருக்கின்றன, கமகத்தின் நடுவே வெட்டினால் ஏன் ஒட்டுத் தெரிகிறது என்பதெல்லாம் முதல் ஒரு மணி நேரத்திலேயே புரியும். சுருதி திருத்தும் மென்பொருளைக் கமகத்தின் மேல் முரட்டுத்தனமாகப் போட்டால் அது படிக்கட்டாக உடைவதையும் கேட்பீர்கள். நான்கு மணி நேரம் கழித்தும் "இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாம்" என்று தோன்றினால் அது நல்ல அறிகுறி. ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டால் அதையும் நேர்மையாக அந்தத் தாளில் எழுதுங்கள், இந்த வேலையில் இப்படி வெட்டி ஒட்டுவதுதான் தினமும் இருக்கும்.

ஒட்டி எடுத்த அந்தப் பல்லவி ஃபைலோடு, உங்களிடம் நன்றாகப் பேசியவரிடம் திரும்பப் போங்கள். இப்போது நீங்கள் அனுப்பும் லிங்க் டெமோ இல்லை, அவர் சொன்னதைச் செய்து பார்த்ததற்குச் சான்று. "0:22-ல் ஒட்டு தெரிகிறது சார், எங்கே வெட்டியிருக்க வேண்டும்?" என்று ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் சொல்பவர்களிடம் மட்டும் அடுத்ததைக் கேட்கலாம்: ஒரு நாள் அவரோடு உட்கார்ந்து வேலையைப் பார்க்க முடியுமா என்று. அனுமதி கிடைத்தால் இன்ஜினியருக்குப் பின்னால், சுவரோரம் உட்காருங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள இடம் வேலை செய்பவருக்கும் முடிவெடுப்பவருக்கும் உரியது. டாக்பேக் (உள்ளே பாடுபவரோடு பேசும் மைக்) திறந்திருக்கும்போது இருமல்கூட உள்ளே பாடுபவருக்குக் கேட்கும். கேள்விகளை நேரம் போட்டுக் குறித்து வைத்து, டீ வந்ததும் கேளுங்கள்.